நிலத்தைப் பிரிந்த கருவிகள்

கடலோரத் தமிழகத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் உத்தியோகத்தை முன்னிட்டுத் தில்லிக்கோ, நாகபுரிக்கோ, பெங்களூருக்கோ வந்து குடியேறினால், முதலாண்டிலேயே ஒரு புதுமையைக் காண்பார். குளிர்கால இரவில் கம்பளிச் சட்டையைத் தலைவழியே கழற்றும்பொழுது சடசடவென ஓர் ஒலி எழும். விளக்கை அணைத்திருந்தால் நீலநிறப் பொறிகளும் தோன்றும். நாற்காலியை விட்டெழுந்து கதவின் பித்தளைப் பிடியைத் தொட்டவுடன், விரல்நுனியில் எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று ஒரு வலி உண்டாகும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் இவ்வனுபவம் அரிது. அங்கே காற்றில் கடலின் ஈரம் எப்பொழுதும் கலந்திருக்கிறது. உலர்ந்த நாட்டுக்கு வந்த பிறகே இந்தச் சிறு மின்னலோடு நமக்கு அறிமுகம் ஏற்படுகிறது.

இதனை நிலைமின்சாரம் என்பர். இருவேறு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டு உராய்ந்து பிரியும்பொழுது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலெக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. ஒன்றில் மிகுதியும் மற்றொன்றில் குறைவும் தங்கிவிடுகின்றன. காற்றில் ஈரம் மிக்கிருந்தால், பொருள்களின் மேற்பரப்பில் படியும் மெல்லிய நீர்ப்படலத்தின் வழியே அம்மின்னேற்றம் கசிந்து போய்விடும். ஈரம் குறைந்தால் போக வழியின்றித் தேங்கி நிற்கும். செயற்கை இழைக் கம்பள விரிப்பின்மேல் ஒருவர் நடந்து செல்வதாகக் கொள்வோம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65-க்கு மேல் இருக்குமானால் அவருடைய உடலில் ஏறும் மின்னழுத்தம் 1,500 வோல்ட்டு அளவில் நின்றுவிடும். ஈரப்பதம் 20-க்குக் கீழே இறங்கினால், அதே நடை அவரை 35,000 வோல்ட்டு வரை ஏற்றிவிடக்கூடும்.

வீட்டுச் சுவரிலுள்ள மின்னிணைப்பின் அழுத்தம் 230 வோல்ட்டுதான். அது ஆளைக் கொல்லும். இதுவோ ஆயிரக்கணக்கான வோல்ட்டாயினும் கொல்லுவதில்லை. காரணம் எளிது. சுவரிலுள்ளது வற்றாத ஊற்று. நம் உடலில் சேர்ந்திருப்பது ஒரே ஒரு துளி. மலையுச்சியிலிருந்து வீழ்ந்தாலும் ஒரு துளி நீர் எவரையும் அடித்துச் செல்வதில்லையன்றோ? ஆயினும் மனிதனுக்கு எறும்புக்கடியாகப் போகும் இந்தத் துளி, அவன் சட்டைப் பையில் வைத்திருக்கும் கைபேசியின் உள்ளுறுப்புக்கு யமனாக முடியும். பெங்களூர் நகரத்தின் மின்னணுத் தொழில் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், கருவிகள் மெல்ல மெல்ல நிலத்தை விட்டுப் பிரிந்து மனிதனின் கைக்கு வந்த வரலாறாக அது அமைந்திருப்பதைக் காணலாம். பிரிந்து வந்தவற்றை இந்தத் துளியினின்றும் காப்பாற்றிய வரலாறும் அதனுள்ளே அடங்கியிருக்கிறது. அதனையே இங்கு நோக்குவோம்.

நிலைமின்சாரத்தைப் பற்றிய அறிவு மிகப் பழையது. கி.மு. ஆறாம் நூற்றாண்டினராகிய கிரேக்க அறிஞர் தேலீஸ், உராய்ந்த அம்பர் என்னும் மரப்பிசின் கல் துரும்புகளை இழுப்பதை அறிந்திருந்தார் என்று பின்வந்தோர் எழுதி வைத்தனர். அம்பருக்குக் கிரேக்க மொழியில் எலெக்ட்ரான் என்று பெயர். 1600-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட் அப்பெயரை அடியொற்றியே இந்த ஈர்ப்புக்குப் பெயரிட்டார். இன்று மின்சாரத்துக்கும் மின்னணுவியலுக்கும் மேனாட்டார் வழங்கும் சொற்கள் அனைத்தும் அந்த ஒரு கல்லின் பெயரிலிருந்து கிளைத்தவை. தமிழோ வானத்து மின்னலை நோக்கி மின்சாரம் என்ற சொல்லைப் படைத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றே என்பதை உலகம் அறியப் பதினெட்டாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆலந்து நாட்டு லெய்டன் நகரத்தில் மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் கண்ணாடிக் குடுவை ஒன்று உருவாயிற்று. 1752-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், இடிமேகத்தை நோக்கிப் பட்டம் விட்டு, வானத்து மின்னலும் குடுவையின் பொறியும் ஓரினம் என்று காட்டினார். அவர் கண்ட காப்பு மிக எளியது: கட்டடத்தின் உச்சியில் ஒரு கூரிய உலோகக் கம்பி; அதிலிருந்து நிலத்துக்குள் இறங்கும் ஒரு தடம். இதற்குத் தமிழில் இடிதாங்கி என்று பெயர் வைத்தோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொல்லின்மீது பற்று உண்டு; எனினும் ஒன்று சொல்ல வேண்டும். இடிதாங்கி இடியைத் தாங்குவதில்லை, அதற்கு வழிவிடுகிறது. எதிர்த்து நின்றால் சுவர் பிளக்கும். வழிவிட்டால் இடி நிலத்தில் அடங்கிவிடும். பின்வந்த காப்புமுறைகள் பலவற்றுக்கும் இவ்வுண்மையே அடிப்படையாயிற்று.

இனிப் பெங்களூருக்கு வருவோம். மைசூர் அரசு சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1902-ஆம் ஆண்டில். திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் வகுத்த திட்டம் அது. அவர் 1901-இல் மறைந்தமையால் அதன் பயனை அவர் காணவில்லை. அம்மின்சாரம் முதலில் சென்றது ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கு. வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே பூமியின் ஆழத்தில் உழைத்துக்கொண்டிருந்தனர். 1905-ஆம் ஆண்டில் பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன. 1909-ஆம் ஆண்டில் டாட்டா குடும்பத்தாரின் கொடையாலும் மைசூர் மன்னர் அளித்த நிலத்தாலும் இந்திய அறிவியல் கழகம் தோன்றியது. விரைவிலேயே அங்கு மின்தொழில்நுட்பமும் பாடமாயிற்று.

இக்காலத்துப் பொறிகள் யாவும் பெரியவை. அசையாமல் நிலத்தில் ஊன்றி நின்றவை. அவற்றின் உலோக உடல்கள் தடித்த கம்பியால் மண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தன. மின்பணியாளர் 'எர்த்து' என்று வழங்கும் நிலத்தொடர்பு அது. ஒரு குழி தோண்டி, உலோகத் தகட்டையோ குழாயையோ புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, கோடையில் மண் காய்ந்துவிடாதபடி தண்ணீர் ஊற்றி வருவது வழக்கம். செடிக்கு நீர் வார்ப்பதுபோல் மின்பொறிக்கும் நீர் வார்க்கிறார்களே என்று பார்ப்பவர் வியந்ததுண்டு. நிலத்தோடு இவ்வாறு கட்டுண்டிருந்த பொறிகளின்மேல் சிறு மின்னேற்றம் சேர வழியே இல்லை. சேருமுன்னரே அது மண்ணுக்குள் போய்விடும்.

சுதந்திரத்துக்குப் பின் நகரம் புதிய தொழிலுக்குத் திரும்பியது. 1948-ஆம் ஆண்டில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை தோன்றி, அதன் குடியிருப்பு தூரவாணி நகர் என்று பெயர் பெற்றது. தூரவாணி என்பது கன்னடத்தில் தொலைபேசி. 1954-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் கூட்டுறவோடு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவப்பெற்று, ஜாலஹள்ளியில் வளர்ந்தது. இவ்விடங்களில் வேலை தேடி வந்து நிலைபெற்ற தமிழ்க் குடும்பங்கள் பல. 1961-இல் வானொலிப் பெட்டிக்குரிய வால்வுகளும், 1962-இல் ஜெர்மானியத்தால் ஆன டிரான்சிஸ்டர்களும் ஜாலஹள்ளியில் உற்பத்தியாயின. 1964-இல் அகில இந்திய வானொலிக்கு வேண்டிய ஒலிபரப்பிகளும் அங்கே செய்யப்பட்டன.

வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு இருந்தது. வால்வு என்பது கண்ணாடிக் குமிழுக்குள் வெற்றிடத்தில் சிவக்கக் காய்ந்து வேலை செய்வது. நூற்றுக்கணக்கான வோல்ட்டுகளுக்குப் பழகியது. விரலிலிருந்து ஒரு பொறி தாவினால் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் அதற்குச் சுவரிலிருந்து வரும் மின்சாரம் வேண்டும். ஆகவே வானொலிப் பெட்டி கூடத்து மேசையை விட்டு நகரவில்லை. அமெரிக்காவில் 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர், சிறு பாட்டரியின் வலிமையிலேயே இயங்கியது. வானொலி மேசையை விட்டு இறங்கித் தோளில் தொங்கியது. வயல் வரப்புக்கும் தேநீர்க் கடைக்கும் சென்றது. நிலத்தைப் பிரிந்த முதல் மின்னணுக் கருவி என்று நம் நாட்டுப் பொதுமக்கள் அதனையே அறிந்தனர். அந்த ஜெர்மானிய டிரான்சிஸ்டரும் ஓரளவு முரடுதான். சிறு பொறிகளை அது பெரும்பாலும் பொறுத்துக்கொண்டது.

பொறுக்காத குழந்தை அடுத்துப் பிறந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முகம்மது அட்டாலா, டாவோன் காங் என்னும் இருவர் 1960-ஆம் ஆண்டளவில் புதுவகை டிரான்சிஸ்டர் ஒன்றைச் செய்து காட்டினர். சிலிக்கன் தகட்டின்மேல் சிலிக்கன் ஆக்சைடு என்னும் கண்ணாடிப் படலம். அதன்மேல் ஓர் உலோகப் பூச்சு. மேற்பூச்சுக்குக் கொடுக்கும் அழுத்தம், கண்ணாடிக்கு அடியில் ஓடும் மின்னோட்டத்தை ஆளும். 1963-இல் இவ்வகை டிரான்சிஸ்டர்களை இணையிணையாக அமைத்து, சும்மா இருக்கும்பொழுது மின்சாரமே செலவாகாத சுற்றுகளை வகுத்தனர். கைக்கடிகாரமும் கணிப்பொறியும் கைபேசியும் சிறு பாட்டரியில் நெடுநேரம் ஓடுவது இச்சிக்கனத்தால்தான்.

இச்சிக்கனத்துக்குக் கொடுத்த விலை அந்தக் கண்ணாடிப் படலம். அதன் பருமன் தொடக்கத்தில் 100 நானோமீட்டர் அளவில் இருந்தது. மனிதத் தலைமயிர் அதைப்போல் பல நூறு மடங்கு தடித்தது. அப்படலம் ஒரு நானோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட்டு தாங்கும். 100 நானோமீட்டர் படலம் 100 வோல்ட்டில் துளைபடும்; 10 நானோமீட்டராக மெலிந்தால் 10 வோல்ட்டே போதும். கருவி கைக்கு அடக்கமாக வேண்டும் என்பதற்காகப் படலத்தை ஆண்டுதோறும் மெலியச் செய்துகொண்டே வந்தார்கள். எந்தப் பண்பு கருவியை நிலத்திலிருந்து விடுவித்ததோ, அதே பண்பு அதனை வலுவற்றதாகவும் ஆக்கியது. அதுவும் எப்பொழுது? நிலத்தொடர்பை இழந்து, ஓயாது மனித உடலோடு உராய்ந்துகொண்டிருக்கும் நிலைக்கு அது வந்த பொழுது!

இன்னொரு செய்தியையும் இங்கே நினைக்க வேண்டும். விரலில் சுருக்கென்று நாம் உணர்வதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ட்டு வேண்டும். அதற்குக் கீழே நிகழும் பொறி நம் புலனுக்கு எட்டாது. சில்லைக் கொல்லப் போதுமான பொறிகளில் பெரும்பாலானவற்றை நாம் உணர்வதே இல்லை. கொன்றவருக்குத் தாம் கொன்றது தெரியாது. 1967-ஆம் ஆண்டில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் சிலிக்கன் உறுப்புகளையும் தொகுப்புச் சுற்றுகளையும் செய்யத் தொடங்கியபொழுது, உலகெங்கும் இத்தொழிலில் இறங்கியோர் இப்புதிரை எதிர்கொண்டிருந்தனர். சோதனையில் தேறிய சில்லு, பெட்டியில் பொருத்தியதும் வாய் திறப்பதில்லை. யார் செய்த பிழை என்றும் விளங்கவில்லை. மேனாடுகளில் இதற்கெனத் தனி அறிஞர் மாநாடு கூடத் தொடங்கியது 1979-ஆம் ஆண்டில்தான்.

செத்த சில்லைக் கண்டுபிடித்துத் தள்ளிவிடலாம். அது பெரிய இழப்பன்று. காயம்பட்டும் சாகாத சில்லே கொடியது. படலத்தில் ஊசித்துளை விழுந்தும் முற்றிலும் உடையாத சில்லு, தொழிற்சாலையின் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும். முத்திரை பெற்று வெளியே செல்லும். மூன்று மாதம் கழித்தோ மூன்றாண்டு கழித்தோ, ஒரு கோடை நாளில் காரணமின்றி நின்றுபோகும். அது விளையாட்டுப் பொருளாயின் போகட்டும். நோயாளியின் நாடியைக் காட்டும் கருவியாகவோ, எல்லைக் காவலரின் வானொலியாகவோ இருந்தால் என் செய்வது? ஆதலால் இத்தொழிலில் சோதனையை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. காயம் படாமலே காப்பதுதான் வழி.

அவ்வழியில் பெரிய பொறி எதுவும் இல்லை, ஒழுங்கே இருக்கிறது. சில்லைப் பொருத்தும் தொழிலாளி, அவருள் பெண்டிர் பலர், மேசைக்கு வந்தமர்ந்ததும் முதலில் மணிக்கட்டில் ஒரு பட்டையை அணிவார். அதிலிருந்து ஒரு கம்பி நிலத்தொடர்புக்குச் செல்லும். இடையில் பத்து இலட்சம் ஓம் அளவுள்ள மின்தடை ஒன்று கோத்திருக்கும். அத்தடை இருவகையில் உதவும். உடலின் மின்னேற்றத்தை ஒரேயடியாக அன்றி மெல்ல இறக்கும். தவறிப்போய் அவர் 230 வோல்ட்டுக் கம்பியைத் தொட்டுவிட்டாலும், அப்பட்டையின் வழியே ஓடக்கூடியது கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவு. அது உயிரை வாங்காது. சில்லைக் காக்க வந்த பட்டை தொழிலாளிக்குத் தூக்குக்கயிறாகி விடக்கூடாதல்லவா? அந்த ஒரு சிறு தடையில் அறிவும் இரக்கமும் சேர்ந்திருக்கின்றன.

மேசைமேல் மின்னேற்றத்தை மெல்லக் கடத்தும் விரிப்பு, தரையும் அத்தகையதே. பருத்தி கலந்த மேலங்கி. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 40-க்கும் 60-க்கும் இடையில் நிற்கும்படி ஏற்பாடு. கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பெங்களூரில், பங்குனி மாதத்துப் பிற்பகல்களில் காற்று மிகவும் காய்ந்துவிடும். இவ்வூர்த் தொழிற்கூடங்கள் அந்நாள்களில் தனிக் கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது. நிலத்தோடு இணைக்க முடியாத பிளாஸ்டிக்குப் பொருள்களின்மேல் அயனிகள் கலந்த காற்றை விசிறி அவற்றின் மின்னேற்றத்தைத் தணிப்பர். சில்லுகளின் கால்களைக் கரிய கடத்தும் பஞ்சில் குத்தி வைப்பர்; எல்லாக் கால்களும் ஒரே மட்டத்தில் இருந்தால் அவற்றிடையே பொறி தாவ இடமில்லை. பளபளக்கும் வெள்ளிநிறப் பைகளில் உள்ளே உலோகப் படலம் இருக்கிறது. வெளியே நிகழும் பொறி அப்படலத்தோடு நின்றுவிடும்.

இதுவரை சொன்ன காப்பெல்லாம் தொழிற்சாலைக்குள்ளே உள்ளவை. எல்லாவற்றுக்கும் ஆதாரம் அங்கிருக்கும் நிலத்தொடர்பு. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய கருவியின் கதி என்ன? இவ்வினாவின் கடுமையை ஒரு விண்கலத்தைக் கொண்டு தெளிவாக அறியலாம். பெங்களூரின் பீன்யாத் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில், உடுப்பி இராமச்சந்திர ராவ் தலைமையில், நம் நாட்டின் முதல் செயற்கைக்கோளாகிய ஆரியபட்டா உருவாயிற்று. 360 கிலோகிராம் எடையுள்ள அது 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் சோவியத்து நாட்டிலிருந்து ஏவப்பட்டது. அன்று முதல் இந்நகரம் செயற்கைக்கோள்களின் பட்டறையாகவும் விளங்கி வருகிறது.

வானத்தில் நிலம் ஏது? அங்கே எர்த்துக் குழி தோண்ட இடமில்லை. சூரியனிடமிருந்து வரும் துகள்களும் பூமியைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான்களும் செயற்கைக்கோளின்மேல் மின்னேற்றத்தைப் படியவைக்கின்றன. 1994-ஆம் ஆண்டு ஜனவரியில் கனடா நாட்டின் அனிக் ஈ-1, அனிக் ஈ-2 என்னும் இரு செயற்கைக்கோள்கள் இத்தகைய மின்னேற்றத்தால் அடுத்தடுத்து நிலைகுலைந்தன. ஒன்று சில மணி நேரத்தில் மீண்டது. மற்றொன்றைச் சீர்செய்யப் பல மாதங்கள் ஆயின. விண்கலப் பொறியாளர் கண்ட தீர்வு யாது? நிலம் இல்லையேல் கலத்தின் உறுப்புகள் எல்லாம் தமக்குள் ஒன்றுபட வேண்டும். உலோகச் சட்டமும் தகடுகளும் வெப்பக் காப்புப் போர்வைகளும் ஒன்றோடொன்று மின்னிணைப்பால் பிணைக்கப்படுகின்றன. மொத்தக் கலமும் எத்தனை வோல்ட்டு ஏறினாலும் கேடில்லை. உறுப்புக்கும் உறுப்புக்கும் இடையே வேற்றுமை தோன்றாதவரை பொறி தாவாது.

கையில் எடுத்துச் செல்லும் கருவியும் ஒரு சிறு செயற்கைக்கோளே. அதற்கும் நிலத்தொடர்பு இல்லை. நம் நாட்டு வாக்குப்பதிவு எந்திரத்தை எண்ணிப் பாருங்கள். 1982-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் பரூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதல் பயன்பட்ட இவ்வெந்திரம், சட்டத் திருத்தத்துக்குப் பின் படிப்படியாகப் பரவி, 2004-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் 543 தொகுதிகளிலும் இடம்பெற்றது. அதனைச் செய்து தரும் இரு அரசு நிறுவனங்களுள் ஒன்று பாரத் எலெக்ட்ரானிக்ஸ். மின்வசதி இல்லாத மலையூரிலும் பாட்டரியால் இயங்க வேண்டும். இராஜஸ்தானத்து வறண்ட காற்றிலும் கன்னியாகுமரியின் ஈரக் காற்றிலும் ஒன்றுபோல் உழைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அன்று. ஆனால் அந்த ஒரு நாளில் நூற்றுக்கணக்கான விரல்கள் அதன் பொத்தானைத் தொடும். விரல்நுனி மின்னலை எதிர்நோக்கியே வாழ வேண்டிய கருவி இதனைவிட வேறு எது?

இதே நகரத்தில் மற்றொரு முயற்சியும் நிகழ்ந்தது. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்களும் என்கோர் என்னும் மென்பொருள் நிறுவனத்தாரும் கூடி, எழுத்தறியாதவரும் பயன்படுத்தத்தக்க கைக்கணிப்பொறி ஒன்றை வகுத்து, சிம்ப்யூட்டர் என்று பெயரிட்டு 2001-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். ஒரு சிற்றூருக்கு ஒரு கருவி. ஆளுக்கொரு சிறு அட்டை. அட்டையைச் செருகி அவரவர் தம் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். 2004-ஆம் ஆண்டில் அமிடா என்னும் பெயருடன் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அதனைச் செய்து தந்தது. எதிர்பார்த்த அளவுக்கு அது பரவவில்லை. கைபேசி அதனை முந்திக்கொண்டது. ஆயினும் திரையைத் தொட்டு இயக்கும் கையடக்கக் கருவி பலர் கைக்கு மாறிச் செல்லும் என்று இவ்வூரார் முன்னரே சிந்தித்தமை மறக்கத்தக்கதன்று.

இத்தகைய கருவிகளைக் காக்கும் முறை மூன்று படிகளாக அமைந்துள்ளது. முதற்படி, மேலுறை. பொறி தாவுவதற்கு விரலுக்கும் சுற்றுக்கும் இடையிலுள்ள தொலைவு குறுகியிருக்க வேண்டும். மூடிய பிளாஸ்டிக்கு உறை அத்தொலைவை நீட்டிவிடுகிறது. இரண்டாம் படி, உள்ளே விரிந்திருக்கும் உலோகத் தளம். செயற்கைக்கோளில் கண்ட அதே கொள்கைதான்: நிலம் இல்லாத கருவி தனக்கென ஒரு நிலத்தைத் தன்னுள்ளேயே சுமந்து செல்கிறது. பொறியாளர்களும் அத்தளத்தை நிலம் என்றே அழைக்கின்றனர். மூன்றாம் படி, மின்னேற்றக் கம்பியும் செவிப்பொறிக் கம்பியும் நுழையும் வாயில்களில் நிற்கும் சிறு டயோடுகள். வழக்கமான அழுத்தம் வரும்பொழுது அவை உறங்கும். பொறி நுழைந்தால் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் விழித்துக்கொண்டு, அதனைச் சில்லின் பக்கம் விடாமல் உள்நிலத்துக்குத் திருப்பிவிடும். பிராங்க்ளின் கண்ட இடிதாங்கி, கடுகினும் சிறிதாகிக் கைபேசியின் வாயிலில் நிற்கிறது எனலாம்.

பல கருவிகளை விற்பனைக்கு விடுமுன்னர் செயற்கைப் பொறியால் அடித்துப் பார்ப்பார்கள். உலக நாடுகள் ஒப்புக்கொண்ட சோதனை விதியின் உயர்ந்த படியில், நேரே தொட்டு 8,000 வோல்ட்டும், காற்றின் வழியே 15,000 வோல்ட்டும் செலுத்தப்படும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1985-ஆம் ஆண்டில் பெங்களூரில் வடிவமைப்புக் கூடம் திறந்தது முதல், உலகச் சந்தைக்குரிய சில்லுகளை வரையும் பணி இந்நகரில் பெருகியுள்ளது. சில்லை வரைவோர் அதன் ஓரங்களில் இக்காவற்பகுதிகளுக்கும் இடம் ஒதுக்கியே வரைகின்றனர்.

ஆகவே மூடியிருக்கும் கைபேசியைக் குறித்து நாம் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது அதன் மூடியைத் திறக்கும்பொழுதும், நினைவகத் தகட்டையோ தனிச் சில்லையோ கையாளும்பொழுதும்தான். பெங்களூரின் எஸ். பி. சாலையிலும் சென்னையின் ரிட்சி தெருவிலும் கடைகள் நெருங்கிய சந்துகளில் இதனைக் காணலாம். பட்டையணிந்து, விரிப்பிட்டு, முறையாகப் பணிசெய்யும் பழுதுநீக்குவோரும் அங்கே உண்டு. உறையிலிருந்து எடுத்த நினைவகத் தகட்டை வெறுங்கையால் வாங்கி, வெறுங்கைக்கு மாற்றி, சாதாரணப் பிளாஸ்டிக்குப் பையில் போட்டுத் தருவோரும் உண்டு. இத்தொழிலின் உறைகளில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு முக்கோணம் அச்சிட்டிருக்கும். அதற்குள் நீட்டிய கை, கையின் குறுக்கே ஒரு கோடு. எழுத்தில்லாத அவ்வறிவிப்பை எந்த மொழியிலும் படிக்கலாம்: ஆயத்தமின்றித் தொடாதே.

ஆயத்தம் என்பது வீட்டிலும் கைகூடக்கூடியதே. உறையைப் பிரிக்குமுன், மூன்று முள் இணைப்போடு முறையான நிலத்தொடர்பில் உள்ள குளிர்பெட்டி போன்றதன் வண்ணம் பூசாத வெளி உலோகத்தை ஒருமுறை தொட்டால், நம் உடலின் மின்னேற்றம் இறங்கிவிடும். கம்பளி, நைலான் உடைகளைத் தவிர்த்துப் பருத்தி உடையோடு அமரலாம். தகட்டை அதன் விளிம்பில் பிடிக்க வேண்டும். பொன்னிறத் தொடுமுனைகளில் விரல் படலாகாது. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் பொருளை மாற்றுமுன் இருவரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டால், இருவர் உடலும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். பொருளின் வழியே பொறி பாயத் தேவையிராது. தேவையில்லாதபொழுது வெள்ளிநிற உறையை விட்டு எடுக்காதிருப்பது எல்லாவற்றினும் நன்று. இவற்றுள் எதற்கும் காசு செலவில்லை.

சிவசமுத்திரத்தின் பெரும் பொறிகள் மண்ணை நம்பி நின்றன. அவற்றின் வழிவந்த சிறு கருவிகள் மண்ணை விட்டுப் பிரிந்து மனிதனோடு ஊர் ஊராகத் திரிகின்றன. பிரிந்தவை பிழைத்திருப்பது, தமக்குரிய நிலத்தைத் தம்முள்ளே கொண்டு சென்றதனால். ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு இது புரியாத செய்தியன்று. ஆயினும் அக்கருவிகள் கேட்பது இன்னும் ஒன்று உண்டு: தொடுவதற்கு முன் ஒரு கணப் பொறுமை. ஜாலஹள்ளியிலும் பீன்யாவிலும் பெயர் வெளிவராத தொழிலாளர் பலர் நாள்தோறும் மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டு காட்டிய பொறுமை அதுவே. அவர்கள் தம் பங்கைச் செய்து முடித்து நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். எஞ்சிய பங்கு நம்முடையது.